வேட்டை டார்ச்சை மாற்றலாமா, இருப்பதையே சரிசெய்யலாமா?

"என்னிடம் இருக்கும் டார்ச் 600 மீட்டர் அடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. புதிதாக வந்திருப்பது 1200 மீட்டர் என்கிறார்கள். மாற்றலாமா?" இரவு வேட்டைக்குப் போகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. பழைய டார்ச் எந்த இடத்தில் கைவிடுகிறது என்று திருப்பிக் கேட்டால் வேறு காரணங்கள் வெளியே வரும். அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. பனி இறங்கினால் எதிரே வெறும் வெண்மைதான் தெரிகிறது. விளக்கைப் போட்டதும் மிருகம் ஓடிவிடுகிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கூடுதல் மீட்டர் மருந்தல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்ற நினைப்பவர்களில் நிறையப் பேருக்குத் தேவை புது பேட்டரி. இன்னும் சிலருக்குத் தேவை டார்ச்சே அல்லாத வேறொரு கருவி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்குத்தான் பெரிய டார்ச்.

சட்டத்தையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம். விளக்கு வைத்து வேட்டையாடுவது பல நாடுகளில் முழுத் தடை. சில இடங்களில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, நரி போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. அங்கும் விளக்கைத் துப்பாக்கியில் பொருத்தலாமா, உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தனித்தனி விதிகள் இருக்கலாம். உங்கள் இடத்து விதியைப் படித்துவிட்டுப் பட்டியல் போடுங்கள். தடை இருக்கும் இடத்தில் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

அடையாளம் காணும் தூரம். பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு, டார்ச்சுகளை அளப்பதற்கான எஃப்.எல்.1 என்ற தரநிலையிலிருந்து வருகிறது. அதன் முதல் பதிப்பு 2009-ல் வந்தது. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். டார்ச்சின் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம். தெளிவான வானத்தில் முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறத்தாழ அவ்வளவே. அந்த வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியலாம். அது பன்றியா, கன்றுக்குட்டியா, குனிந்து நிற்கும் ஆளா என்று தெரியாது. சுடுகிறவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

கணக்கு எளிது. ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவைக் கேண்டெலாவில் சொல்வார்கள். அந்தக் கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் உள்ள மீட்டர் கிடைக்கும். 90,000 கேண்டெலா என்றால் 600 மீட்டர். 1200 மீட்டர் வேண்டுமென்றால் 3,60,000 கேண்டெலா வேண்டும். தூரம் இருமடங்காக வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல், பெட்டியில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே 2 லக்ஸுக்குச் சற்று மேல் விழும். நல்ல பைனாகுலரோ ஸ்கோப்போ இருந்தால் உருவம் பிரிந்து தெரியும். அப்படியானால் 600 மீட்டர் டார்ச் நிஜத்தில் 200 மீட்டர் டார்ச். நீங்கள் சுடும் தூரம் 100 மீட்டரைத் தாண்டுவதே இல்லை என்றால், தூரம் உங்கள் பிரச்சினையே அல்ல.

பத்து நிமிடம் கழித்து என்ன மிச்சம்? லூமன் எண், அதாவது டார்ச் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு, விளக்கைப் போட்டு அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளந்தது. அதற்குப் பிறகு சூடு ஏறும். டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். 'இயங்கும் நேரம்' என்று போட்டிருப்பது இன்னும் மோசம். தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசி நிலையில் 600 மீட்டர் டார்ச் 190 மீட்டர்தான் எட்டும். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: வெளிச்சம் பாதியானால் தூரம் பாதியாவதில்லை, சுமார் 30 சதவீதம்தான் குறைகிறது. அதனால் அதிகபட்ச வெளிச்சத்தைவிட, ஒரே அளவில் நீடித்து நிற்கும் வெளிச்சத்துக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஒளிக்கற்றையின் வடிவம். தூரம் அடிக்கும் டார்ச்சில் நடுவே ஒரு கூர்மையான வெளிச்சமும் அதைச் சுற்றிப் பரவும் மங்கலான வெளிச்சமும் இருக்கும். திறந்த வயலில் கூர்மை நல்லது. புதர்க் காட்டில் பரவும் வெளிச்சம் பக்கத்து இலைகளில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், தூரத்தில் இருப்பது மறைந்துபோகும். பனியிலும் தூசியிலும் டார்ச்சின் சக்தி கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும்.

மிருகத்தின் கண். மான், நரி, பூனை இனங்களின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் அவற்றின் கண் தொலைவிலேயே மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மானைக் கண்ணொளியால் கண்டுபிடித்துப் பழகியவர் பன்றி தேடும்போது டார்ச்சைக் குறை சொல்வது இதனால்தான். அப்புறம் நிறம். மானுக்கும் பன்றிக்கும் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. சிவப்பை அவை மிகக் குறைவாகவே உணர்கின்றன.

கையில் நடந்துகொள்ளும் விதம். கையுறை போட்ட விரலுக்கு சுவிட்ச் அகப்படுகிறதா, போட்டதும் மினுக்கு மோடில் எரிந்து தொலைக்கிறதா, துப்பாக்கியின் அதிர்ச்சியைத் தாங்குமா என்பதெல்லாம் பெட்டியில் இருக்காது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கால் மிருகத்தைத் தேடவே கூடாது. விளக்கு போகும் இடமெல்லாம் குழல் முனையும் போகும். அங்கே ஒரு மனிதர் நிற்கலாம். தேட ஒன்று, சுட ஒன்று என்று இரண்டு விளக்கு வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: இருப்பதையே உயிர்ப்பிப்பது

மங்குகிறது என்பதுதான் உங்கள் புகார் என்றால் இங்கேயே தொடங்குங்கள். லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள் மின்தடையும் ஏறுகிறது. சார்ஜரில் போட்டால் நிறைந்துவிட்டதாகக் காட்டும். ஆனால் டார்ச் முழுச் சக்தி கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். குளிரில் இது இன்னும் மோசமாகும்.

18650 அளவில் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) தரமான பேட்டரி 3500 மில்லி ஆம்பியர் மணி வரை தரும். மின்னாற்றல் கணக்கில் சுமார் 12.6 வாட் மணி. அதைவிடச் சற்றுப் பெரிய 21700 அளவில் 5000 சாதாரணம். அது 18 வாட் மணி. 20 வாட் இழுக்கும் டார்ச்சில் முதலாவது 38 நிமிடமும் இரண்டாவது 54 நிமிடமும் தாங்கும், அதுவும் இழப்பே இல்லாத கற்பனைக் கணக்கில். 18650 பேட்டரி மீது 9900 என்று அச்சடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த உருளைக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது.

பேட்டரி மாற்றும்போதே மற்றதையும் பாருங்கள். மறையில் படிந்த கறுப்பு அழுக்கைத் துணியால் துடைத்து, தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் பாதி நோய் தீரும். பின்மூடியின் ஸ்பிரிங் மெல்லியதாக இருந்தால் அதன் மீது செப்புக் கம்பி பற்றவைப்பவர்களும் உண்டு. மின்னோட்டம் ஸ்பிரிங்கின் தடையைத் தாண்டிப் போகும். வெளிச்சம் கண்கூடாக ஏறும் டார்ச்சுகள் இருக்கின்றன.

மறைந்த செலவு சிறிதுதான், ஆனால் உண்டு. அளவு மீறிக் காலியாவதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ள 18650 பேட்டரி, பெயரில் 65 மில்லிமீட்டர் என்றாலும் 68 முதல் 70 வரை நீளம் வரும். சில டார்ச்சில் மூடி முழுதாக ஏறாது. சுற்று இல்லாததைப் போட்டால் ஆடும், அதிர்ச்சியில் தொடர்பு விட்டுப்போகும். இரண்டு பேட்டரி வரிசையாகப் போடும் டார்ச் என்றால் இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே சார்ஜில் இருக்க வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமானது எல்லை மீறிக் காலியாகும், அது ஆபத்து. சிஆர்123 வகை 3 வோல்ட் பேட்டரி இரண்டு போடும் டார்ச்சில் அதே அளவு ரீசார்ஜ் பேட்டரிகளைப் போட்டால் மொத்தம் 8.4 வோல்ட் ஏறும். அதற்கென்று செய்யப்படாத சுற்று கருகிவிடும்.

இந்த வழி யாருக்கு? புதிதாக வாங்கியபோது அந்த டார்ச் போதுமானதாக இருந்த எல்லாருக்கும்.

## வழி 2: உள்ளே இருப்பதை மாற்றுவது

உடலும், ஒளியைக் குவித்து அனுப்பும் ரிஃப்ளெக்டரும் நன்றாக இருக்கின்றன, எல்.இ.டி. மட்டும் பழைய தலைமுறை. இந்த நிலையில் எல்.இ.டி.யை மாற்றுவது ஆசையைத் தூண்டும் வேலை. தூர வீச்சைத் தீர்மானிப்பவை இரண்டு: எல்.இ.டி.யின் மேற்பரப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதும், எதிரிலிருந்து பார்த்தால் ரிஃப்ளெக்டரின் பரப்பு எவ்வளவு என்பதும். ரிஃப்ளெக்டர் மாறாதபோது முதலாவதை ஏற்றினால் வீச்சு ஏறும். கிரீ எக்ஸ்.எம்.எல்.2 போன்ற குமிழ் உள்ள பெரிய எல்.இ.டி. இருந்த இடத்தில் ஆஸ்ராம் ஒயிட் ஃபிளாட் போன்ற, குமிழ் இல்லாத சின்ன எல்.இ.டி. வைத்தால் மொத்த லூமன் குறைந்தும்கூட தூரம் கூடுவது இதனால்தான்.

சேதாரம் எங்கே வரும் என்றால், நடுவெளிச்சம் ஊசியாகிவிடும். ஓடும் மிருகத்தைப் பின்தொடர்வது கஷ்டம். பழைய டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து தரும் சுற்று, அனுப்பும் மின்னோட்டம் சின்ன எல்.இ.டி.க்கு அதிகமாக இருந்தால் அது எரிந்துபோகும். 5 மில்லிமீட்டர் சதுர அடித்தளத்துக்கான தகட்டில் 3.5 மில்லிமீட்டர் எல்.இ.டி. உட்காராது, செப்புத் தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒளிக்கற்றையில் ஓட்டை விழும். உத்தரவாதம் போய்விடும், நீர்புகாத தன்மைக்கும் இனி நீங்கள்தான் பொறுப்பு.

பற்றவைக்கும் வேலை பிடித்தவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. பிடிக்காதவர் அடுத்தவரிடம் கூலி கொடுத்துச் செய்வதானால், அந்தப் பணத்தைப் புது டார்ச்சில் சேர்ப்பதே மேல்.

## வழி 3: பெரிய எல்.இ.டி. டார்ச்

இங்கேதான் விளம்பர எண்கள் அதிகம் விளையாடும். பல எல்.இ.டி.க்களை அடுக்கி ஆயிரக்கணக்கான லூமன் தரும் டார்ச் வேறு, ஒரே எல்.இ.டி.யைப் பெரிய ரிஃப்ளெக்டரில் வைத்துத் தூரம் அடிக்கும் டார்ச் வேறு. முதல் வகை முற்றத்தை வெள்ளையாக்கும், 300 மீட்டரில் ஒன்றும் காட்டாது. ஆயிரம் லூமன்கூட எட்டாத ஒற்றை எல்.இ.டி. டார்ச், பத்தாயிரம் லூமன் டார்ச்சைவிடத் தூரம் அடிப்பது சாத்தியம். லூமனை விட்டுவிட்டு கேண்டெலா எண்ணைத் தேடுங்கள். அது போடாத டார்ச்சை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

ரிஃப்ளெக்டரின் விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எனவே அதே எல்.இ.டி.க்குத் தூரம் இருமடங்கு. ஆகவே 1200 மீட்டர் எண்ணுக்கு இரண்டே வழிதான்: கையளவு தலை, இல்லையென்றால் மிகக் குறுகிய நடுவெளிச்சம். பையில் அடங்க வேண்டும், தூரமும் அடிக்க வேண்டும், அகலமாகவும் தெரிய வேண்டும் என்றால் மூன்றில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய தலைக்கு ஒரு நன்மை பலர் கவனிப்பதில்லை. உலோகம் அதிகம் என்பதால் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் சீக்கிரம் இறங்காது. அதே லூமன் உள்ள சின்ன டார்ச் சில நிமிடங்களில் பாதிக்கு வந்துவிடும்.

விலைச்சீட்டில் வராத செலவுகள் இங்கே அதிகம். துப்பாக்கியில் டார்ச்சை மாட்டும் பழைய பிடிப்பான் புது உடலுக்குப் பொருந்தாது. வயர் சுவிட்ச் தனியாக வாங்க வேண்டும். அந்த நிறுவனமே செய்யும் தனி பேட்டரிதான் ஏறும் என்றால், சில ஆண்டுகளில் அந்த பேட்டரி கிடைக்காமல் போகும்போது டார்ச்சும் முடிந்தது. சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் 18650 அல்லது 21700 போடும் டார்ச்சுக்கே என் ஓட்டு, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும். மின்னணு சுவிட்ச் உள்ளவை அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பல மாடல்களில் நின்றுவிடும்.

நிறத்தையும் கேட்டுவிடுங்கள். நீலம் கலந்த குளிர்வெள்ளையில் லூமன் எண் பெரிதாக இருக்கும். ஆனால் அடிபட்ட மிருகத்தின் இரத்தத் தடத்தை இலைமேல் தேடும்போது, நிறங்களை உண்மையாகக் காட்டும் மஞ்சள் சாய்ந்த வெள்ளை பல மடங்கு உதவும். அந்த வேலைக்குச் சின்ன இரண்டாவது டார்ச் ஒன்றே போதும்.

இந்த வழி, 200 மீட்டருக்கு மேல் திறந்தவெளியில் அடையாளம் காண வேண்டியவருக்கு. வண்டியிலிருந்தோ மறைவிடத்திலிருந்தோ தேடுபவருக்கு எடையும் தொல்லை தராது. நாள் முழுக்க நடப்பவர் யோசிக்க வேண்டும்.

## வழி 4: லேசர் வழி ஒளி

எல்.இ.பி. என்று விற்கிறார்கள். நீல லேசர், ஒளியின் நிறத்தை மாற்றும் ஒரு பாஸ்பர் துண்டில் பட்டு வெள்ளை ஒளியாகிறது. புள்ளி மிகச் சிறியது, அதனால் சில நூறு லூமனிலேயே ஆயிரம் மீட்டர் தாண்டும். சுற்றிப் பரவும் வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் புதர்களின் இடைவெளி வழியே பார்க்கலாம். ஆனால் ஒரு வயலை அதனால் தேடுவது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பது போல. நிறமும் சுமார்தான். கண்ணில் நேராகப் பட விடக்கூடாது. வானத்தில் விமானம் போகும் பக்கம் திருப்பவே கூடாது. ஏற்கெனவே வேறு வழியில் கண்டுபிடித்த ஒன்றைத் தொலைவில் உறுதிசெய்ய மட்டும் பயன்படும். முதல் டார்ச்சாக இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 5: வெள்ளை வெளிச்சத்தையே விடுவது

விளக்கைப் போட்டதும் மிருகம் ஓடுகிறது என்பது உங்கள் புகார் என்றால், பெரிய டார்ச் அதை இன்னும் வேகமாக ஓட வைக்கும். இங்கே மூன்று படிகள் உண்டு.

முதல் படி சிவப்பு அல்லது பச்சை. பழைய டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் வெள்ளை ஒளியின் பெரும்பகுதி வீணாகும், தூரம் சரிந்துவிடும். சிவப்பு எல்.இ.டி.யே உள்ள டார்ச் அதைவிடத் திறமையானது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகம் பிடிபடும். மிருகத்துக்கும் பச்சை தெரியும். சிவப்பில் உங்கள் கண்ணின் இருட்டுப் பழக்கம் அதிகம் கெடாது என்பது கூடுதல் லாபம். வெள்ளை வெளிச்சத்தில் போன அந்தப் பழக்கம் முழுதாகத் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகும்.

இரண்டாவது, அகச்சிவப்பு விளக்கும் டிஜிட்டல் இரவுநோக்கியும். 850 நானோமீட்டர் விளக்கில் முகப்பு மட்டும் மங்கலாகச் சிவந்து தெரியும். 940-ல் அதுவும் தெரியாது, ஆனால் கருவியின் சென்சாருக்கு உணர்வு குறைவு, தூரமும் குறையும்.

மூன்றாவது தெர்மல். உடல் சூட்டைப் பார்ப்பதால் வெளிச்சமே வேண்டாம், கண் மின்னாத பன்றியும் தப்பாது. தேடுவதற்கு இதற்கு இணை இல்லை. ஆனால் கண்ணாடி வழியே பார்க்காது, வண்டி ஜன்னலை இறக்கியாக வேண்டும். கனமழையிலும் அடர்ந்த பனியிலும் மங்கும். வெயிலில் காய்ந்த பாறைகள் மாலையில் தாமும் பளிச்சென்று தெரியும். 384×288 புள்ளி சென்சாரில் தொலைவில் இருப்பது வெறும் வெள்ளைத் திட்டு. 640×512 சென்சார் மேல், விலையும் அதற்கேற்ப. திட்டைப் பார்த்துச் சுட முடியாது. கடைசியில் அது என்னவென்று உறுதிசெய்ய ஒரு விளக்கு வேண்டும், அதற்கு உங்கள் பழைய டார்ச்சே போதும். தேடும் வேலை போய்விட்டதால் அது சில விநாடிதான் எரியும். மங்குகிறது என்ற புகாரும் சேர்ந்தே தீரும்.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | அடையாளத் தூரம் | நீடிக்கும் வெளிச்சம் | பனி, புதர் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பேட்டரி, பராமரிப்பு | பழைய நிலைக்குத் திரும்பும் | நன்றாக மேம்படும் | மாற்றம் இல்லை | நல்ல சார்ஜர், அளவு பொருத்தம் |
| எல்.இ.டி. மாற்றம் | கூடும் | டிரைவரைப் பொறுத்தது | சற்று மேல் | உத்தரவாதம், நீர்ப்புகாமை, நேரம் |
| பெரிய எல்.இ.டி. டார்ச் | மிகவும் கூடும் | பெரிய தலையில் நன்று | மோசமாகலாம் | பிடிப்பான், சுவிட்ச், தனி பேட்டரி, எடை |
| எல்.இ.பி. | மிக அதிகம், மிகக் குறுகலாக | நன்று | புதரில் நன்று | தேட இன்னொரு டார்ச் |
| தெர்மலும் பழைய டார்ச்சும் | தேடல் மிக அதிகம், அடையாளம் பழையபடி | டார்ச்சுக்கு வேலை குறைவு | புதரில் ஓரளவு, பனியில் மங்கும் | அதிக விலை, அதற்கும் பேட்டரி, சட்டம் |

## வாங்கியே தீருவது என்றால்

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் மூன்று சோதனை செய்துவிடுங்கள். வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து தெரிந்த தூரத்தில் ஒரு சாக்குப்பையைத் தொங்கவிட்டு, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி அடித்துப் பைனாகுலரில் பாருங்கள். இரண்டிலும் சாக்கின் மடிப்பு ஒரே மாதிரி தெரிந்தால், அந்த இடத்துக்கு நீங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அடுத்து, முழு வெளிச்சத்தில் கால் மணி நேரம் எரியவிட்டு மறுபடி அதே சாக்கைப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத அளவு சுடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு கையுறையோடு போட்டு அணைத்துப் பாருங்கள். தொடர்ந்து பத்து முறையில் ஒருமுறை வேறு மோடில் எரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பழையதை விற்க வேண்டாம். துப்பாக்கியிலிருந்து தனியாக, தேடுவதற்கென்று ஒரு விளக்கு வேண்டும் என்று மேலே சொன்னோமே, அந்த இடத்தை அதற்குக் கொடுங்கள். பேட்டரியை மட்டும் வெளியே எடுத்து, பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.